புனோம் பென் நாட்குறிப்பு: பாதம் ஓரிடம், உடல் ஓரிடம்

செவ்வாய்

கம்போடியா என்றதும் நம்மவர்கள் அங்கோர் வாட் பார்ப்பதற்காக நேரே சியாம் ரீப்புக்குப் போய்விடுகிறார்கள். தலைநகரான புனோம் பென்னில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. கோயில்கள் அங்கே இருக்கலாம். ஆனால் அக்கோயில்களின் கருவறைகளிலும் வாயில்களிலும் நின்ற சிற்பங்களில் தலையாயவை பல இன்று இருப்பது புனோம் பென்னின் தேசிய அருங்காட்சியகத்தில்தான். ஆகவே இந்தப் பயணத்தைத் தலைநகரிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்து, காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிட்டேன்.

அரச அரண்மனைக்கு வடக்கே, செம்மண் நிறச் சுவர்களும் அடுக்கடுக்காக ஏறும் கூரைகளுமாக நிற்கும் இக்கட்டடத்தைப் பழைய கோயில் என்றே பலர் நினைத்துவிடுவார்கள். புனோம் பென்னிலேயே 1887இல் பிறந்த ஜார்ஜ் குரோலியே என்ற பிரெஞ்சுக்காரர், கம்போடியாவின் கெமர் மக்களுடைய பௌத்த விகாரைகளின் அமைப்பைக் கூர்ந்து பார்த்து வடிவமைத்த கட்டடம் இது. 1917 ஆகஸ்டு 15இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1920 ஏப்ரல் 13 அன்று, கெமர் புத்தாண்டையொட்டி, சிசோவத் மன்னர் முன்னிலையில் திறக்கப்பட்டது. நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில்தான் அவர்களுக்கும் ஆண்டு பிறக்கிறது. பக்கத்திலேயே கலைப் பள்ளி ஒன்றையும் நிறுவிய குரோலியே, 1945இல் ஜப்பானியர் காவலில் இதே நகரில் இறந்தார். காலனி ஆட்சி தன் பெருமைக்காகக் கட்டியது என்று இந்தக் கட்டடத்தை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் கைவினைஞர்களின் மரபு அறுந்துவிடக்கூடாது என்ற அக்கறை அதன் ஒவ்வொரு கதவுச் செதுக்கலிலும் தெரிவதால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு கூடங்கள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்திருக்கின்றன. முற்றத்தில் தாமரைக் குளங்கள் நான்கு. நடுவே ஒரு சிறு மண்டபம். கூடங்கள் முற்றத்தை நோக்கித் திறந்திருப்பதால் சிற்பங்களின் மீது இயற்கை வெளிச்சமே விழுகிறது. காலை நேரத்தில் மணற்கல்லின் நிறம் மணிக்கு மணி மாறுவதைக் கண்டேன். போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது.

1975 ஏப்ரலில் பொல் பொட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிசப் படை நகரைப் பிடித்து, மக்கள் அனைவரையும் ஊரைவிட்டு வெளியேற்றியபோது, இந்த அருங்காட்சியகமும் ஆளில்லாமல் கைவிடப்பட்டது. கூரை சிதைந்தது, வௌவால்கள் பெருங்கூட்டமாகக் குடியேறின. ஆட்சி வீழ்ந்தபின் 1979 ஏப்ரல் 13 அன்று, முதலில் திறந்த அதே நாளில், மீண்டும் திறந்தார்கள். வௌவால்களின் எச்சம் சிற்பங்களின் மீது விழாமல் தடுக்க உட்கூரை ஒன்று அமைக்க வேண்டியிருந்தது. அவற்றை முழுவதுமாக அப்புறப்படுத்த 2002 வரை ஆயிற்று.

நுழைந்ததும் எதிர்ப்படுவது பத்தாம் நூற்றாண்டுத் தலைநகரான கோ கெரிலிருந்து வந்த கருடன். ஆளைவிட உயரமாக, இறக்கை மடித்து நிற்கிறது. கோ கெர் பற்றி நாளை எழுதுகிறேன். இன்று என்னைப் பிடித்து நிறுத்தியவை அதற்கும் முந்நூறு, நானூறு ஆண்டுகள் முற்பட்ட சிற்பங்கள். தெற்கே தாக்கேயோ மாகாணத்தில் அங்கோர் போரெய் என்ற பழைய நகருக்கு அருகே புனோம் டா என்ற சிறு குன்று உள்ளது. அங்கிருந்து வந்த எட்டுக்கைத் திருமால் இரண்டரை மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் நடுவே நிற்க, இருபுறமும் இராமனும் பலராமனும் நிற்கிறார்கள். ஒரே கல்லில் உடலை முழுவதுமாக விடுவித்துச் செதுக்கிவிட்டு, நீண்ட கைகள் முறிந்துவிடாதபடி ஒரு வளைவையும் அதே கல்லிலேயே விட்டுவைத்திருக்கிறார் சிற்பி. முதுகுப் புறமும் முழுமையாக முடிக்கப்பட்டிருக்கிறது. கருங்கல்லில் பெரும்பாலும் சுவரை ஒட்டியே தெய்வ உருவங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, சுற்றிவந்து பார்க்கும்படி நிற்கும் இத்திருமேனி புதிய அனுபவம்.

அதே குன்றின் கோவர்த்தனக் கிருஷ்ணனும் இங்கே இருக்கிறான். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் இக்காட்சியை ஆயர்பாடி முழுவதும் சூழச் செதுக்கியிருப்பார்கள். பால் கறப்பவரும் உண்டு, கன்றை நக்கும் பசுவும் உண்டு. புனோம் டாவில் ஆயர் இல்லை, ஆநிரை இல்லை. மலையைத் தாங்கும் இளைஞன் மட்டுமே. இந்தச் சிற்பத்தின் வரலாறு உடைந்த துண்டுகளின் வரலாறு. அக்குன்றில் கிடைத்த மற்றொரு கிருஷ்ணனின் துண்டுகள் பெல்ஜியம் போய், பின்னர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தை அடைந்தன. எந்தக் கை எந்த உடலுக்குரியது என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. இரு அருங்காட்சியகங்களின் நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்து, புனோம் பென் கிருஷ்ணனுக்கு உரிய துண்டுகள் அவனுக்கே வந்து சேர வழிசெய்தார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் வழக்காடாமல் உட்கார்ந்து பேசி ஒரு சிலையை ஒன்றுசேர்த்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிராசாத் அண்டெட் கோயிலின் ஏழாம் நூற்றாண்டு சங்கரநாராயணர் முன் நெடுநேரம் நின்றேன். தலையின் ஒரு பாதி சடாமுடி, மறு பாதி நீள்கிரீடம், நெற்றிக்கண்ணும் பாதியே. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத தெய்வம். கல்வெட்டுகளின் பக்கம் போனால் உறவு இன்னும் நெருக்கமாகிறது. கெமர் எழுத்து பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தின் வழியில் வந்தது. அங்கோர் போரெயில் கிடைத்த, பொ.ஆ. 611 என்று காலம் குறிக்கப்பட்ட கல்வெட்டுதான் கெமர் மொழியில் ஆண்டு குறித்துக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது. ஆனால் இதைக் கொண்டு "எல்லாம் நம்மிடமிருந்து போனது" என்று மார்தட்டுவது பிழை. எழுத்தையும் தெய்வங்களையும் ஏற்றுக்கொண்டவர்கள் தங்கள் கண்ணால் பார்த்து, தங்கள் கையால் வேறொன்றாகச் செய்தார்கள்; அந்தக் கிருஷ்ணனின் உதட்டுச் சிரிப்பு கெமர் சிரிப்பு.

புதன்

மீண்டும் அருங்காட்சியகம். நேற்று ஒதுக்கி வைத்த கோ கெர் சிற்பங்களுக்காகவே இன்று போனேன்.

நான்காம் செயவர்மன் பத்தாம் நூற்றாண்டில் தலைநகரை அங்கோரிலிருந்து வடகிழக்கே கோ கெருக்கு மாற்றினான். 928 முதல் 944 வரையிலான குறுகிய காலம்தான் அது தலைநகராக இருந்தது. அதற்குள் கெமர் சிற்பிகள் அதற்கு முன்பும் பின்பும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள்: கல்லை அசைய வைத்தார்கள். பிராசாத் சென் என்ற கோயிலின் ஒரு வாயிலில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரண்டார்கள். அந்த இணை இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கோயிலின் மேற்கு வாயிலில் பாரதப் போரின் கடைசிக் காட்சியை ஒன்பது உருவங்களாக நிறுத்தியிருந்தார்கள். பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு எதிரெதிரே பாயத் தயாராக நிற்க, சுற்றிலும் பாண்டவர்களும் பலராமனும் பார்த்திருந்தார்கள்.

தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் படுகளம் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். பதினெட்டாம் போரன்று மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே திரண்டு நிற்கும். கூத்தில் பீமன் தொடையில் அடிக்கும்போது பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். கோ கெரில் ஊர் நிற்கும் இடத்தில் கற்சிலைகளே நின்றிருக்கின்றன. வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவரும் அந்தப் போரின் நடுவே நடந்திருக்க வேண்டும்.

1970களின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், கொள்ளையர்கள் இச்சிலைகளைக் கணுக்காலோடு உடைத்தெடுத்துக் கொண்டுபோனார்கள். பாதங்கள் பீடத்திலேயே தங்கிவிட்டன. உடல்கள் தாய்லாந்து வழியாக உலகச் சந்தைக்குப் போயின. 2011இல் நியூயார்க்கில் சோதபீஸ் ஏல நிறுவனம் துரியோதனனை விற்பனைக்கு வைத்தபோது, கோ கெரில் எஞ்சியிருந்த பாதங்களோடு அவ்வுடல் பொருந்துவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கம்போடியா கேட்டது, விற்பனை நின்றது. 2012இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2013 இறுதியில் உடன்பாடு ஏற்பட்டு, 2014இல் சிலை நாடு திரும்பியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்திலிருந்து பீமனும், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்திடமிருந்து பலராமனும் வந்தார்கள். மண்டியிட்ட நிலையிலுள்ள இருவரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதற்கு முந்தைய ஆண்டே அனுப்பிவிட்டிருந்தது.

ஆயிரம் ஆண்டு நின்ற இடத்தில் விட்டுப்போன பாதமே உடலின் உரிமைப் பத்திரம் ஆயிற்று. கள்ளச்சந்தை வணிகர்கள் எத்தனை ஆவணங்களை வேண்டுமானாலும் உருவாக்கலாம். முறிந்த கல்லின் விளிம்பை உருவாக்க முடியாது. ஆனால் எல்லா வழக்குகளிலும் இப்படிப்பட்ட சான்று கிடைத்துவிடுவதில்லை. பழைய கொள்ளையர் சிலரே முன்வந்து, எந்தக் கோயிலில் எந்த இடத்தில் எதைத் தோண்டினோம் என்று கம்போடிய ஆய்வுக் குழுவுக்கு நேரில் காட்டியிருக்கிறார்கள். கெமர் சிற்ப வணிகத்தில் பெரும்பெயர் பெற்றிருந்த டக்லஸ் லாட்ச்ஃபோர்டு மீது 2019இல் நியூயார்க்கில் குற்றச்சாட்டு பதிவானது. விசாரணை தொடங்குமுன் 2020இல் அவர் இறந்தார். அவரிடமிருந்த கெமர் தொகுப்பைத் திருப்பித் தர அவருடைய மகள் ஒப்புக்கொண்டார். மெட்ரோபாலிட்டன் 2023இல் மேலும் பல கெமர் சிற்பங்களைத் தருவதாக அறிவித்தது.

துரியோதனன் திரும்பிய 2014ஆம் ஆண்டில்தான் நமது ஸ்ரீபுரந்தான் நடராசரும் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்க் கோயிலிலிருந்து திருடப்பட்ட அத்திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கோ கெர் காட்டில் நாள்தோறும் பூசை நடந்துகொண்டிருக்கவில்லை. எனவே அச்சிலைகளுக்குத் தலைநகரின் அருங்காட்சியகம் தகுந்த இடமே. நம் உலாத் திருமேனிகளுக்கு ஊர் இருக்கிறது, விழா இருக்கிறது, காத்திருக்கும் மக்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி அவற்றைக் காப்பகத்திலேயே வைத்திருப்பது பாதி திரும்பியதாகத்தான் ஆகும் என்பது என் கருத்து. பூட்டையும் காவலையும் கோயிலுக்குக் கொண்டுபோவதே முறை.

இதே கூடத்தில், பந்தேய் ஸ்ரெய் கோயிலின் முகப்புச் சிற்பம் ஒன்றும் அதே கதையைச் சொல்கிறது. 967இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் இளஞ்சிவப்புக் கல்லில் பீமனும் துரியோதனனும் மோதுகிறார்கள். கலப்பையோடு சினந்தெழும் பலராமனைக் கிருஷ்ணன் பிடித்து நிறுத்துகிறான். அந்தக் கோயிலிலிருந்து சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கடத்த முயன்று 1923 இறுதியில் இதே புனோம் பென்னில் பிடிபட்டவர் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர். அடுத்த ஆண்டு நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்து நிறுத்திவைக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானார். பெயர்க்கப்பட்ட கற்கள் கோயிலுக்கே திரும்பின. அந்தக் கோயிலின் இன்னொரு முகப்பில்தான் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமான காரைக்கால் அம்மையார் அமர்ந்திருக்கிறார். அதைக் காண சியாம் ரீப்புக்குத்தான் போக வேண்டும்.

நான் காண விரும்பிய ஒன்று மட்டும் இங்கு இல்லை. 1936இல் அங்கோரின் மேற்கு ஏரியின் நடுவிலுள்ள கோயிலில் கண்டெடுக்கப்பட்ட, பள்ளிகொண்ட திருமாலின் வெண்கலத் திருமேனிதான் அது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முழு உருவம் ஐந்து மீட்டருக்கும் மேல் இருந்திருக்கும். கிடைத்தது தலையும் தோளும் கைகளும் சில துண்டுகளும். 1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதர் சௌ தாகுவான், ஏரி நடுவே கொப்பூழிலிருந்து நீர் வழியும் வெண்கலப் புத்தர் படுத்திருப்பதாக எழுதினார். அவர் கண்டது இத்திருமாலைத்தான் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. 2024இல் ஆய்வுக்கும் பழுதுநீக்கத்துக்குமாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, 2025இல் பாரிசின் கிமே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. உரிமையாளரின் ஒப்புதலோடு போய்வரும் பயணம் இது. ஆகவே காணாத ஏமாற்றம் இருந்தாலும் குறை இல்லை.

கடைசியாக அங்கோர் மன்னன் ஏழாம் செயவர்மன். கைகள் உடைந்துபோன, சம்மணமிட்டு அமர்ந்த உருவம். மூடிய கண், சற்றே தாழ்ந்த தலை. அரசனின் முகம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தன் நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததாகத் தா புரோம் கோயில் கல்வெட்டில் குறித்தவன் அவன். படைத்தலைவனாக வென்று அரியணை ஏறியவனை, வெற்றியின் அடையாளம் ஒன்றுகூட இல்லாமல், கேட்டுக்கொண்டிருப்பவனாகச் செதுக்கிய அந்தச் சிற்பியின் துணிவு வியப்பூட்டுகிறது.

வியாழன்

அரச அரண்மனையும் வெள்ளிக் கோயிலும். நொரோதம் மன்னர் 1866இல் தலைநகரை உடோங்கிலிருந்து இங்கே மாற்றியபின் எழுந்த வளாகம் இது. அரியணை மண்டபம், அதன் உயர்ந்த கூம்பு, இரும்பால் ஆன பிரெஞ்சு மாளிகை ஆகியவற்றை விரைவாகவே கடந்தேன். வெள்ளிக் கோயிலின் தரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளித் தகடுகள் பதிக்கப்பட்டிருந்தாலும் பெரும்பகுதியை விரிப்பு மூடியிருக்கிறது. ஏறத்தாழ 90 கிலோ பொன்னில் வைரங்கள் பதித்துச் செய்த மைத்திரேய புத்தரைச் சுற்றித்தான் கூட்டம்.

கூட்டம் இல்லாத இடம் சுற்றுத் தாழ்வாரம். ஆனால் பார்க்க வேண்டியது அதுதான். 1903, 1904ஆம் ஆண்டுகளில் தெப் நிமித் மாக் என்ற ஓவியரின் தலைமையில் நாற்பது பேர் அச்சுவர் முழுவதும் ரியாம்கேர் என்னும் கெமர் இராமகாதையைத் தீட்டினார்கள். அறுநூறு மீட்டருக்கும் நீளமான ஓவியம். அனுமன் கடலில் பாலம் கட்டும்போது இராவணன் மகளான பொன்மீன் கன்னி கற்களை அப்புறப்படுத்துவதும், பின் அவள் அனுமன் மீது காதல் கொள்வதும் கம்பனில் இல்லாத கதை; தென்கிழக்காசியாவின் சொந்தச் செல்வம். இலங்கையின் கோட்டையும் இராமனின் அயோத்தியும் இங்கே கெமர் அரண்மனைகளாகவே இருக்கின்றன.

சுவரின் மேற்பகுதி தெளிவாக இருக்க, கீழ்ப்பகுதி பெருமளவு அழிந்துவிட்டது. மழைநீரும் நிலத்தின் ஈரமும் சுவரில் ஏறி உப்புப் பூத்து வண்ணத்தை உதிர்த்துவிடுகின்றன. 1980களில் போலந்து வல்லுநர்கள் வந்து ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். வானரப் படையின் கால்கள் மறைந்துபோன இடங்களில் நடந்தபோது, மன்னர் வாழும் அரண்மனைக்குள்ளேயே, தங்கத்துக்குக் கிடைக்கும் காவலில் ஒரு பங்கு இந்த ஓவியத்துக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் தீரவில்லை.

வெள்ளி

காலையில் தேசிய வங்கி 2019இல் திறந்த பொருளியல், பண அருங்காட்சியகமான சொசோரோ. அதன் முழுப் பெயர் ஈசானவர்மன் என்ற ஏழாம் நூற்றாண்டு மன்னனின் பெயரைத் தாங்கியது. அவன் பெயர் பொறித்த காசு கிடைத்திருப்பதே காரணம். அத்தகைய காசு முன்பே இருந்தும், அங்கோர் பேரரசு தனக்கென நாணயம் இல்லாமலே ஏரிகளையும் கோயில்களையும் கட்டியது. நெல்லும் துணியும் வெள்ளியும் கொண்டே கொடுக்கல் வாங்கல் நடந்தது. இந்த அருங்காட்சியகத்தின் உயிரான பகுதி இருபதாம் நூற்றாண்டு. கெமர் ரூஜ் ஆட்சி பணத்தையே ஒழித்தது. மைய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1980 மார்ச் 20இல் ரியல் நாணயம் மீண்டும் வரும்வரை இந்நாட்டில் பணமே இல்லை; இடைப்பட்ட காலத்தில் அரிசியே விலையாக இருந்தது. எளிய விளக்கங்களோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பிற்பகலில் துவோல் ஸ்லெங். உயர்நிலைப் பள்ளியாக இருந்து, கெமர் ரூஜ் ஆட்சியில் எஸ்-21 என்ற சிறையாக்கப்பட்ட இடம். இங்கே கொண்டுவரப்பட்டவர்களுள் குறைந்தது 12,000 பேர் கொல்லப்பட்டதாகக் குற்றவியல் தீர்ப்பாயம் கண்டறிந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் மிகச் சிலர். வந்த ஒவ்வொருவரையும் படம் எடுத்து எண்ணிட்டு வைத்தது அந்தச் சிறை. தான் செய்வதைக் குற்றமென்றே கருதாததால் அது விட்டுச்சென்ற அந்தக் கோப்புகளே பின்னர் சிறைத் தலைவன் காங் கெக் இயூவுக்கு எதிரான சான்றாயின. 2012இல் மேல்முறையீட்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. அந்த ஆவணங்கள் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும், இந்த இடம் 2025 சூலையில் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தன.

படங்கள் வரிசை வரிசையாக அறைகளை நிறைக்கின்றன. பிழைத்தவர்களுள் ஒருவரான வான் நாத், ஓவியர் என்பதால் பொல் பொட்டின் உருவத்தைத் தீட்டச் சொல்லி உயிரோடு வைக்கப்பட்டவர். விடுதலைக்குப்பின் தான் கண்டவற்றையும் உடன் இருந்தவர்கள் சொன்னவற்றையும் அதே தூரிகையால் தீட்டிவைத்தார். அவருடைய ஓவியங்களுக்கு முன்னால் பேசுபவர்கள் யாரும் இல்லை. குழந்தைகளை இங்கே அழைத்து வருவதா என்று பெற்றோர் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு இந்நகரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்றே நினைக்கிறேன்.

சனி

பகலில் ஓய்வு. மாலையில் கெமர் செவ்வியல் நடன நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றேன். ஆடுபவர்களுக்கு உடையை உடல் மேலேயே வைத்துத் தைக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தையலைப் பிரிக்க வேண்டும். விரல்கள் பின்னோக்கி வளைய, சிறுவயதிலிருந்தே நாள்தோறும் வளைத்துப் பழக்குகிறார்கள். பரதத்தின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் அசைவே இல்லாததுபோல் தோன்றும். சற்று நேரத்தில் ஒரு கை மலர்வதற்கு ஆகும் காலமே அந்த நடனத்தின் அளவு என்பது பிடிபடுகிறது.

1975 முதல் 1979 வரையிலான ஆண்டுகளில் நடன ஆசிரியர்களில் பெரும்பாலோர் மடிந்தார்கள். எஞ்சியவர்கள் மீண்டும் நகருக்கு வந்து, ஒருவருக்கொருவர் மறந்த அசைவுகளை நினைவூட்டி, பாடத்தைத் திரட்டினார்கள். அவர்களுள் முதன்மையானவரான சியா சாமி, அரண்மனையில் பயின்றவர். பொல் பொட்டின் அண்ணன் மனைவி. உறவினரின் ஆட்சி அழித்த கலையை 1994இல் இறக்கும்வரை புதிய தலைமுறைக்குக் கற்பித்தார். 2003இல் யுனெஸ்கோ இந்நடனத்தை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. கல்லுக்குப் பாதம் மிஞ்சியதுபோல் நடனத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை. சிலரின் உடல் நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் கற்றவர்களின் மாணவியரே இன்று ஆடும் வயதில் இருக்கிறார்கள்.

நாளை விடியற்காலையில் வடக்கே புறப்படுகிறேன். கோ கெர் 2023இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின் அங்கே போகும் சாலை பற்றிய கேள்விகள் பலரிடமிருந்து வருகின்றன. பிராசாத் சென்னின் மேற்கு வாயிலை நேரில் பார்த்துவிட்டு, வழி, தங்குமிடம் பற்றிய விவரங்களோடு அடுத்த பகுதியை எழுதுகிறேன்.